அழித்து எழுதிய மன்னிப்பு

சினாய் மலையடியில் இருக்கும் புனித கேதரின் மடத்திலிருந்து வெளியே போன வேதாகமச் சுவடி 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1933-இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து சோவியத் அரசிடமிருந்து பிரிட்டன் அதை வாங்கியது. இப்போது திரையிலேயே புரட்டலாம். பக்கத்துக்கு நான்கு பத்தி, பத்திக்கு 48 வரி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. லூக்கா 23:34. சிலுவையில் தொங்குகிறவர் தம்மை அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கும் இடம். முதலில் எழுதியவர் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறார். பிரதியைச் சரிபார்த்தவர் அதற்கு ‘நீக்கு’ என்று குறி போட்டிருக்கிறார். பிற்காலத்தில் வந்த இன்னொருவர் அந்தக் குறியை நீக்கி, வாக்கியத்தை மறுபடி வாழவிட்டிருக்கிறார். ஒரே தோலில் மூன்று கைகள்: ஒருவர் எழுதினார், ஒருவர் அடித்தார், ஒருவர் அந்த அடித்தலை அடித்தார்.

*

அதே வாக்கியம் பாப்பிரஸ் 75-இல் இல்லை. வத்திக்கான் சுவடியில் இல்லை. பேசா சுவடியில் முதல் கை எழுதவில்லை, பிறகு யாரோ சேர்த்திருக்கிறார்கள். சினாயில் கிடைத்த பழைய சிரியாக் நற்செய்தியிலும் இல்லை. ஆனால் 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லியோன் நகரத்து ஐரேனியஸுக்கு அது தெரிந்திருக்கிறது. ஆக, பழமையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பழமைதான்.

இல்லாததைச் சேர்த்தார்கள் என்பவர்கள் சொல்வது: அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகும்போது தன்னைக் கொல்கிறவர்களுக்காக மன்றாடுகிறான். ஆண்டவரின் சகோதரன் யாக்கோபும் அப்படியே மன்றாடிச் செத்தார் என்று ஹெகேசிப்பஸ் சொன்னதை யூசேபியஸ் எடுத்து எழுதியிருக்கிறார். சீடர்களே இப்படி இருக்க, ஆண்டவர் குறைந்துபோவதா என்று எவரோ ஒருவர் எழுதிச் சேர்த்திருக்கலாம்.

இருந்ததை எடுத்தார்கள் என்பவர்களின் வாதம் கசப்பானது. கி.பி. 70-இல் தீத்துவின் படை எருசலேமை எரித்தது. சிலுவைக்குக் கிடைத்த தண்டனை இது என்று கிறிஸ்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஓரிகென் சொன்னார், யூசேபியஸ் சொன்னார். அப்படியானால் அந்த மன்றாட்டு? மகன் கேட்டதைத் தந்தை கொடுக்கவில்லையா? பிரதியெடுக்கிறவனுக்கு இது இடித்திருக்கும். யூதர்கள் மன்னிக்கப்பட்டுவிட்டார்கள் என்ற செய்தி அவனுக்கு வேண்டியும் இருந்திருக்காது.

நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். ஸ்தேவானின் மன்றாட்டை எந்தப் பிரதியும் விடவில்லை. ஸ்தேவான் கேட்டது தன்னைக் கல்லெறிந்த சிலருக்கு. இவர் கேட்டதை எவ்வளவு தூரத்துக்கும் நீட்டலாம். நீளக்கூடிய மன்னிப்பைக் கண்டுதான் பயம் வரும்.

*

எங்கள் பக்கத்துச் சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேச்சு. முதல் வார்த்தையான இந்த மன்றாட்டைப் பெரும்பாலும் ஆயரே எடுத்துக்கொள்வார். ‘தாகமாயிருக்கிறேன்’ வரும் நேரத்தில் சபைக்கே தாகம் எடுத்திருக்கும். இந்த வழிபாட்டு முறை ஆதித் திருச்சபையிலிருந்து வந்ததல்ல. பெரு நாட்டின் லீமா நகரில் யேசு சபைக் குரு ஒருவர் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. ஆங்கிலிக்கர்களும் லுத்தரன்களும் அதை எடுத்துக்கொண்டார்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல்.

முதல் வார்த்தையைப் பேசுகிற எவரும் பிரதிச் சிக்கலைத் தொட்டுக் கேட்டதில்லை. தொட வேண்டிய இடமும் அதுவல்ல.

*

இன்னொரு மன்னிப்பு, அதைவிட அதிகம் அலைந்தது. யோவான் 7:53 முதல் 8:11 வரை, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. மொத்தம் பன்னிரண்டு வசனம். பாப்பிரஸ் 66-இல் இல்லை, 75-இல் இல்லை, சினாயில் இல்லை, வத்திக்கானில் இல்லை. பெஷீத்தா என்ற சிரியாக் மொழிபெயர்ப்பில் இல்லை. கிரேக்க உரைகாரர்கள் ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக யோவானுக்கு உரை எழுதும்போது இந்த இடத்தைத் தாண்டிப்போகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் யூத்திமியஸ் சிகபேனஸ் உரை சொல்கிறார். அவரும் நல்ல பிரதிகளில் இது இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

கதை எழுதப்பட்ட பிரதிகளிலும் அதற்கு நிலையான இடம் கிடையாது. சில பிரதிகளில் யோவானின் கடைசியில், ஒட்டு மாதிரி நிற்கிறது. ஒரு தொகுதிப் பிரதிகளில் லூக்கா 21-ஆம் அதிகாரத்தின் முடிவில் போய் உட்கார்ந்திருக்கிறது (அங்கே அது நன்றாகவே பொருந்துகிறது என்பது வேறு விஷயம்). சிலவற்றில் ஓரத்தில் நட்சத்திரக் குறி, கோட்டுக் குறி. வீடு கிடைக்காத கதை.

ஆனால் கதை பழையது. 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் பிஷப்புகளுக்காக எழுதப்பட்ட திதஸ்காலியா என்ற நூல், மனந்திரும்பி வருகிறவனைச் சேர்த்துக்கொள்ளாத பிஷப்பைக் கண்டித்து இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுகிறது. 4-ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் கண் தெரியாத திதிமுஸ், சில நற்செய்திகளில் இது இருக்கிறது என்கிறார். அவருடைய அந்த உரை 1941-இல் கெய்ரோவுக்கு அருகே தூரா என்ற இடத்துக் குகையில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளோடு வெளியே வந்தது. ஜெரோம் தன் காலத்தில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் பல பிரதிகளில் கண்டதாகச் சொல்லி, தன் லத்தீன் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். மேற்கில் அதோடு அதன் குடியுரிமை உறுதியானது.

யோவான் எழுதியதல்ல என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. நடந்ததா என்பது வேறு கேள்வி. நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு தர்மசங்கடம் தரும் கதையை வேலை மெனக்கெட்டு யார் கட்டுவார்கள்?

*

பேசா சுவடி கேம்பிரிட்ஜில் இருக்கிறது. ஜெனிவாவின் தியோடோர் பேசா 1581-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவருக்கு அது 1562-ஆம் வருஷத்து மதப் போரில் லியோன் மடம் சூறையாடப்பட்டபோது வந்து சேர்ந்தது. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் லத்தீன்.

இதில் பெண்ணின் கதை இருக்கிறது. சிலுவை மன்றாட்டு முதல் கையில் இல்லை. சினாய்ச் சுவடியில் சிலுவை மன்றாட்டு முதல் கையில் இருக்கிறது. பெண்ணின் கதை இல்லை. வத்திக்கானில் இரண்டும் இல்லை. மிகப் பழைய பெரிய சுவடிகளில் இரண்டு மன்னிப்பும் சேர்ந்தாற்போல் அகப்படுவதில்லை.

*

பெண்ணின் கதையை ஏன் விட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆள் அகஸ்தீன். போலென்தியுஸ் என்பவருக்கு மணவாழ்க்கைச் சிக்கல்கள் பற்றி எழுதிய நூலில், ஏறக்குறைய 420-இல். விசுவாசம் குறைந்த சிலர், தங்கள் மனைவிமாருக்குப் பாவம் செய்யத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்து, பிரதிகளிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள் என்கிறார். பிரதி ஆராய்ச்சியாக இது தேறாது. கதை முதலிலிருந்தே அந்தப் பிரதிகளில் இல்லை என்பதுதான் நடந்தது. ஆனால் தன் காலத்து ஆண்களைப் பற்றி அகஸ்தீன் சொன்ன சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளலாம். அவர் அங்கே அவர்களை நெருக்குகிறார்: மனைவியைத் தண்டிக்கத் துடிக்கிற கணவன் தானும் அதே குற்றவாளிதானே? மனைவியை மன்னித்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம்.

மோசேயின் சட்டப்படி (லேவியராகமம் 20:10) இருவரும் சாக வேண்டும். கொண்டுவந்து நிறுத்தியது ஒருத்தியை. ‘கையும் களவுமாக’ என்று சொல்லிக்கொண்டே. கூட இருந்த அவன் எந்தச் சந்தில் போனான் என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை.

*

அந்தக் கதையில் ஆண்டவர் குனிந்து தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார்? ஜெரோம் எரேமியா 17-ஐக் காட்டி, குற்றம் சாட்டியவர்களின் பாவங்களை என்கிறார். பிற்காலப் பிரதிகள் சிலவற்றில் அது வசனத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. ஆர்மேனியாவில் 989-இல் எழுதிய எச்மியாட்சின் நற்செய்திச் சுவடியில் கதை சுருங்கி, வந்தவர்கள் கற்களில் தத்தம் பாவங்களையே கண்டார்கள் என்று இருக்கிறது.

வெறுமனே கோடு கிழித்தார் என்று வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது. பதில் சொல்லாமல் குனிந்துகொள்வது ஒரு பதில். பாவப்பட்டியல் வந்தால் அவரும் இன்னொரு வழக்கறிஞர் ஆகிவிடுவார்.

*

உதயம்பேரூர், எர்ணாகுளத்துக்குத் தெற்கே. 1599 ஜூன் மாதம். கோவாவின் பேராயர் அலெய்ஷோ டி மெனேசிஸ் மலபாரின் தோமா கிறிஸ்தவர்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். அவர்கள் ஓதிவந்தது சிரியாக் பெஷீத்தா. போர்த்துக்கீசியர்கள் அதைத் தங்கள் லத்தீனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேதுருவின் இரண்டாம் நிருபம் இல்லை, யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள் இல்லை, யூதா இல்லை, வெளிப்படுத்தல் இல்லை. யோவான் 8-இல் அந்தப் பெண்ணும் இல்லை. நெஸ்தோரியர்களின் கைவரிசை என்று எழுதி, விடுபட்டதையெல்லாம் பிரதிகளில் சேர்க்கச் சங்கம் ஆணையிட்டது.

யாரும் எதையும் வெட்டவில்லை. பெஷீத்தா உருவான நாளிலிருந்தே அப்படித்தான். கொச்சியிலும் கொல்லத்திலும் நூற்றுக்கணக்கான வருஷமாக அந்தக் கதை இல்லாமலே கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள், நோன்பிருந்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் மன்னித்தும் மன்னிக்காமலும் வாழ்ந்திருக்கிறார்கள்.

முதல் கல்லைப் பற்றிய கதையைச் சேர்க்கச் சொன்ன அதே சங்கம், பிழையுள்ளவை என்று ஒரு புத்தகப் பட்டியல் போட்டு, அவற்றைத் திருத்தவும் எரிக்கவும் உத்தரவு போட்டது. எவ்வளவு பழைய சிரியாக் சுவடிகள் அதில் போயினவோ. அந்த மனத்தாங்கல் உள்ளேயே புகைந்து 1653 ஜனவரியில் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுச் சத்தியம் என்ற எதிர்ப்பு உறுதிமொழியாக வெடித்தது.

*

தெர்த்துல்லியனைப் படிக்கும்போது ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் குளிர். கார்த்தேஜ் ஆள், வாதத்தில் எரிமலை. ஆரம்பத்தில் எழுதியபோது திருமுழுக்குக்குப் பின் ஒரு தடவை மனந்திரும்ப வாய்ப்பு உண்டு என்றார். மொந்தானியர்கள் என்ற கடும் ஒழுக்கக் குழுவோடு சேர்ந்தபின் அந்த ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டார். விபசாரத்தையும் வேசித்தனத்தையும் மன்னிக்கிறேன் என்று ஒரு பிஷப் அறிவித்ததாகக் கேள்விப்பட்டு, அந்த அறிவிப்பை எங்கே ஒட்டப்போகிறீர்கள், விலைமாதர் வீட்டு வாசலிலா என்று கேட்கிறார். காணாமல் போன ஆடு, கெட்ட குமாரன் என்று எதிர்த்தரப்பு காட்டக்கூடிய ஒவ்வொரு உவமையையும் எடுத்து, இது சபைக்குள் இருப்பவனைப் பற்றியதல்ல என்று தள்ளுகிறார். யோவான் 8-ஐத் தொடவே இல்லை. அவர் கையிலிருந்த பிரதியில் அது இருந்திருக்காது. இருந்திருந்தால் அந்த ஆள் சும்மா விட்டிருப்பாரா?

அவருக்கு ஆகாத நூல் ஒன்று, ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’. ரோமாபுரியில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் எழுதியது. தவறிய மனைவி திருந்தி வந்தால் கணவன் ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் பாவம் அவனுக்கு என்கிறது. ஆனால் பலமுறை அல்ல, ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறைக்கே அதை விபசாரிகளின் மேய்ப்பன் என்று தெர்த்துல்லியன் திட்டினார். சினாய்ச் சுவடியின் கடைசி ஏடுகளில், வெளிப்படுத்தலுக்கும் பர்னபாவின் நிருபத்துக்கும் பிறகு, ஹெர்மாஸ் இருக்கிறது. அந்தப் பெண் இல்லாத வேதாகமத்தில் இந்த மேய்ப்பனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிபந்தனையோடு வரும் மன்னிப்பைத் தைத்துக் கட்டுவது சுலபம்.

*

எகிப்தின் ஃபையூம் பகுதியில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டு. 1893-இல் பெர்லினில் வெளியிட்டார்கள். அலெக்சாந்தர் தீவு என்ற கிராமம். மனுதாரர் அவுரேலியஸ் தியோகெனஸ், தகப்பனார் சதபூஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நம்முடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரும் ‘அங்க அடையாளம்’ அப்படியே. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலி கொடுத்து வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் அரசாணைப்படி பலியிட்டு, பானம் ஊற்றி, பலி மாமிசத்தைச் சுவைத்தேன், இதற்குச் சாட்சியொப்பம் இடும்படி வேண்டுகிறேன் என்பது மனுவின் சாரம். தேதி கி.பி. 250 ஜூன் 26.

பேரரசன் தெசியுஸின் ஆணை அது. இந்த மாதிரிச் சான்றுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. தியோகெனஸ் கிறிஸ்தவனாக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாரும் வாங்க வேண்டும். சபைக்குச் சிக்கல் வந்தது, கிறிஸ்தவர்களும் போய் வரிசையில் நின்றதால். சிலர் பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். கையில் காசு இருந்தவர்கள் அதிகாரியைப் பார்த்து, பலியிடாமலே சான்று வாங்கிக்கொண்டார்கள். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் எழுதியிருப்பதைப் படித்தால், பிடித்து இழுக்கும் முன்பே தாங்களாக மன்றத்துக்கு ஓடியவர்களும் இருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று அதிகாரி சொன்னபோது இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் இருந்தார்கள்.

சிப்ரியான் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்? தலைமறைவாக. கடிதம் மூலம் சபையை நடத்தினார். ஓடிப்போனவர் ஓடிப்போனவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார் என்று அப்போதே முணுமுணுத்தார்கள். 258 செப்டம்பர் 14-ஆம் தேதி தலையைக் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தார். தன்னை வெட்ட வந்தவனுக்கு 25 பொன் கொடுக்கச் சொன்னார் என்று விசாரணைப் பதிவு சொல்கிறது.

*

புயல் கொஞ்சம் ஓய்ந்ததும் விழுந்தவர்கள் திரும்பி வந்தார்கள். யார் மன்னிப்பது?

சிறையில் அடிபட்டும் மறுதலிக்காதவர்களுக்குச் சபையில் பெரிய மதிப்பு. அவர்கள் ‘இவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். செத்துப்போன சாட்சியின் பெயரிலும் சீட்டு வந்தது. சிலவற்றில் ‘இவனையும் இவனைச் சேர்ந்தவர்களையும்’ என்றிருந்தது. அந்த ‘சேர்ந்தவர்கள்’ இருபது பேரா, முப்பது பேரா? சிப்ரியானுக்குத் தலைவலி அங்கேதான். ஒரு அரசாங்கச் சான்றால் விழுந்தவனை இன்னொரு சான்று தூக்கிவிடுகிறது.

251-இல் பிஷப்புகள் கூடி முடிவெடுத்தார்கள்: சான்று மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்கள் தவம் செய்ய வேண்டும், சாகும் தறுவாயில் திருவிருந்து. இரண்டு வருஷம்கூட அந்த ஒழுங்கு நிற்கவில்லை. அடுத்த துன்புறுத்தல் வருகிறது என்ற பேச்சு எழுந்ததும், தவத்தில் இருந்த எல்லாருக்கும் சமாதானம் கொடுத்துவிட்டார்கள். ஆயுதம் கொடுக்காமல் போருக்கு அனுப்புவது எப்படி என்பது அவர்கள் சொன்ன நியாயம். இறையியல் ஒன்றும் இதற்கிடையில் மாறவில்லை. பயம் வந்தது, கதவு திறந்தது.

ரோமாபுரியில் நோவேத்தியான் ஒரே பிடிவாதமாக நின்றார். விழுந்தவனுக்குக் கடவுள் மன்னிப்புக் கொடுத்தால் கொடுக்கட்டும், சபை கொடுக்கக்கூடாது. அந்நகர பிஷப் கொர்னேலியுஸுக்கு எதிராகப் போட்டி பிஷப் ஆனார். அவரோடு வந்து ஒட்டிக்கொண்டவர் கார்த்தேஜின் நோவாத்துஸ் என்ற மூப்பர். இவர் ஊரில் இருந்தவரை எல்லாரையும் உடனே சேர்க்க வேண்டும் என்ற கட்சி! கடலைத் தாண்டியதும் யாரையும் சேர்க்கக்கூடாது என்ற கட்சி. சிப்ரியானுக்கு யார் எதிரியோ அவர் பக்கம், அவ்வளவுதான். திருமண்டலத் தேர்தல் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

*

நோவேத்தியர்கள் பல நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். ஒழுக்கமானவர்கள் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். 325-இல் நிசேயா சங்கத்தில் அவர்களுடைய பிஷப் அசேசியுஸிடம், உனக்கு ஒரு ஏணி வைத்துக்கொண்டு நீ மட்டும் பரலோகத்துக்கு ஏறு என்ற பொருளில் கான்ஸ்டன்டைன் சொன்னாராம். வரலாற்றாசிரியர் சோக்ரதேஸ் சொல்வது. அப்படிச் சொன்ன பேரரசர் தன் திருமுழுக்கைக் கடைசிப் படுக்கை வரை, 337 வரை, ஒத்திப்போட்டார். ஒரே தடவை கிடைக்கிற துடைப்பு என்றால் கடைசியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தன் அளவில் அவரும் நோவேத்தியன்தான்.

*

மத்தேயு 18. பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி ஆனவன், வெளியே வந்து நூறு தெனாரிக்காக உடன் ஊழியனின் கழுத்தை நெரிக்கிறான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி. தெனாரி ஒரு நாள் கூலி. ஆக ஆறு கோடி நாள் கூலி. ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து வருஷத்துக்கு 200 தாலந்து வருமானம் என்று யோசேபஸ் சொல்கிறார். அந்த நாட்டின் ஐம்பது வருஷ வரி ஒரு ஊழியனின் கடன். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

நூறு தெனாரியைப் பிரசங்கிகள் ‘அற்பக் கடன்’ என்று தாண்டிப்போகிறார்கள். நூறு நாள் கூலி அற்பமா? நாள் கூலி 600 ரூபாய் என்றால் 60,000 ரூபாய். கொடுத்துவிட்டுத் திரும்பி வராத 60,000 ரூபாய்க்கு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற வீடுகள் எத்தனை. உவமை அதை இல்லை என்று சொல்லவில்லை. தொகை பெரியதுதான், அதை வைத்துக்கொண்டுதான் பக்கத்திலே அந்த ஆறு கோடியை நிறுத்துகிறது.

*

கான்ஸ்தாந்திநோப்பிள், 391 வாக்கில். பாவ அறிக்கை கேட்பதற்கென்றே ஒரு மூப்பர் இருந்தார். உயர்குலப் பெண் ஒருத்தி அவரிடம் அறிக்கை செய்யப்போய், தவ நாட்களில் ஒரு உதவிக்குரு தன்னோடு தவறாக நடந்ததையும் சொல்லியிருக்கிறாள். விஷயம் வெளியே கசிந்தது. ஊரே கொதித்தது. பேராயர் நெக்தாரியுஸ் அந்த உதவிக்குருவை நீக்கினார். கூடவே பாவ அறிக்கை கேட்கும் மூப்பர் பதவியையும் எடுத்துவிட்டார். இனி அவரவர் மனசாட்சிப்படி திருவிருந்துக்கு வரலாம். அவள் என்ன ஆனாள் என்று சோக்ரதேஸ் எழுதவில்லை.

நெக்தாரியுஸுக்குப் பின் வந்த கிறிசோஸ்தோம், ஆயிரம் தடவை விழுந்தாலும் மனந்திரும்பி வா என்றாராம். அதற்கு மறுப்பாக நோவேத்தியர் பிஷப் சிசின்னியுஸ் ஒரு நூலே எழுதினார்.

*

அம்புரோஸ். மிலானின் பிஷப், அதற்கு முன் மாகாண ஆளுநர், மனிதர்களை நகர்த்தத் தெரிந்தவர். மரண தண்டனை விதிக்க வேண்டியிருக்கிறதே என்று மனம் கலங்கிக் கேட்ட ஒரு நீதிபதிக்கு, யோவான் 8-இன் பெண்ணைக் காட்டி எழுதினார். சட்டம் உன்னை அனுமதிக்கிறது, ஆனால் இதைப் பார் என்று.

390-இல் தெசலோனிக்காவில் ஒரு தளபதியை மக்கள் கொன்றார்கள். பழிக்கு அரங்கத்தில் கூடியிருந்தவர்களைப் பேரரசனின் படை வெட்டியது. ஏழாயிரம் பேர் என்கிறார் தியோடரேட். அம்புரோஸ் பேரரசன் தியோடோசியுஸுக்குத் தன் கைப்பட எழுதினார்: நீ தவம் செய்யாமல் நான் பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன். பேரரசன் ஆடம்பரம் களைந்து, சபைக்கு முன் அழுதான். அம்புரோஸ் அவனை ஆலய வாசலில் மறிப்பதாகவே ஓவியர்கள் வரைந்துவிட்டார்கள். எல்லா வேதபாடப் புத்தகத்திலும் வருகிற சம்பவம் இது.

இரண்டு வருஷம் முன்னால் நடந்தது அவ்வளவாக வருவதில்லை. 388, யூப்ரதேஸ் கரையில் கல்லினிக்கம் (இன்றைய சிரியாவின் ரக்கா). உள்ளூர் பிஷப்பின் தூண்டுதலில் கிறிஸ்தவர்கள் யூதர்களின் ஜெப ஆலயத்தை எரித்தார்கள். பிஷப் தன் செலவில் கட்டிக்கொடுக்கட்டும் என்று தியோடோசியுஸ் ஆணையிட்டான். நியாயமான ஆணை. அம்புரோஸ் விடவில்லை. முதலில் கடிதம். அது முழுப் பலன் தராதபோது, பேரரசன் உட்கார்ந்திருக்கையில் பிரசங்கம். எடுத்த பகுதி லூக்கா 7: பரிசேயன் வீட்டில் ஆண்டவரின் பாதத்தைக் கண்ணீரால் கழுவிய பெண், ஐந்நூறும் ஐம்பதும் தெனாரி கடன்பட்ட இருவர், இருவருக்கும் தள்ளுபடி. மன்னிப்பு பற்றி வேதத்தில் அதைவிட நல்ல பகுதி இல்லை. பிரசங்கம் முடித்து இறங்கி வந்ததும், என்னைப் பற்றித்தானே பேசினீர் என்றான் தியோடோசியுஸ். உம் நன்மைக்காக என்றார் இவர். ஆணையை ஏற்கெனவே தணித்துவிட்டேன், துறவிகளும் சும்மா இல்லை, நிறைய அட்டூழியம் செய்கிறார்கள் என்று பேரரசன் முனகினான். அம்புரோஸ் அங்கேயே நின்றார். விசாரணை முழுவதையும் கைவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தபின்தான் பீடத்துக்குப் போனார். இதையெல்லாம் தன் சகோதரி மார்செல்லினாவுக்கு அவரே எழுதியிருக்கிறார், வெற்றிச் செய்தியாக.

பிஷப் ஒரு காசும் கட்டவில்லை. கல்லினிக்கத்து யூதர்களிடம் யாரும் எதுவும் கேட்டதாக அந்தக் கடிதங்களில் இல்லை. ஜெப ஆலயத்தை மறுபடி யார் கட்டியது என்றும் அவற்றில் இல்லை.